ஆறாவது தாள்

1

நாகப்பட்டினத்தில் நான் கல்லூரிக்குப் போன காலத்திலேயே ஃபேக்ஸ் செத்துப்போயிருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. கடையில் அந்த இயந்திரத்தின் மேல் ஊதுவத்தி ஸ்டாண்டு வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் அதை நினைத்ததே இல்லை. கலியாணமாகி யாங்கோனுக்கு வந்து இந்த வைகாசியோடு பதினான்கு வருஷம் முடிகிறது. அந்த நிறைவுக்கு எனக்குக் கிடைத்த பரிசு, ஃபேக்ஸ் அனுப்பக் கற்றுக்கொண்டதுதான்.

மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. அதன் தலைமை அலுவலகம் வேறு நாட்டில். சேர்க்கைத் தாள்களும் உடல்நலத் தாள்களும் அங்கே போய்த்தான் முடிவாகும், அதுவும் ஃபேக்ஸில்தான் போக வேண்டும் என்றார் சேர்க்கை அதிகாரி டோ சூ சூ. (டோ என்பது பெயரில்லை. வயதில் மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்.) ஈமெயிலில் அனுப்பலாமா என்று கேட்டேன். கூடாதாம், பிள்ளையின் விவரம் வெளியே கசிந்துவிடுமாம். உங்கள் கையிலேயே கொடுத்துவிடட்டுமா என்றேன். அதுவும் கூடாதாம், தாள் தொலைந்துபோகுமாம். இன்டர்நெட் வழியாகவே ஃபேக்ஸ் அனுப்பும் தளங்கள் இருக்கின்றன, அதில் ஏற்றிவிடுங்கள் என்று யோசனை சொன்னார்.

அதாவது தாளைப் போனில் படம் பிடித்து, படத்தை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். அது கடல் தாண்டிப் போய் மறுபடியும் தாளாகி ஓர் இயந்திரத்தின் வாயிலிருந்து வெளியே வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே அதற்கு விண்ணப்பப் படிவமே இருக்கிறது.

2

பள்ளிக்கூடம் மாற்றுகிற அளவுக்கு என்ன அவசரம் என்று ஊரிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம், இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கும் உங்களுக்கும்தான், "அங்கே சரியில்லை" என்று ஒற்றை வரியில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய் இல்லை, ஆனால் பாதி.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு வருகிறது. இரண்டு வேளை மாத்திரை. மாத்திரை ஒழுங்காகப் போனால் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. போன வருஷம் பழைய பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் விழுந்துவிட்டாள். பிள்ளைகள் அலறியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியை அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு கனிவாக, "ஒரு மாதம் வீட்டில் ஓய்வெடுக்கட்டும்" என்றார். அந்த ஒரு மாதம் எட்டு மாதமாக நீண்டது. யாரும் எங்களை வெளியே போ என்று சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

தாகேதா வட்டாரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழேதான் பிள்ளைகள் லௌஞ்சி என்னும் பச்சைக் கைலி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். எட்டு மாதமும் அவள் காலை எட்டு மணிக்கு அந்த ஜன்னலுக்குப் போய் நின்றாள். நான் கூப்பிட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். எண்ணுவது பர்மிய மொழியில், சண்டை பர்மிய மொழியில், தூக்கத்தில் உளறுவதும் அதில்தான். வலிப்பு வந்து தெளியும்போது முதல் வார்த்தையாக "யே" என்பாள். யே என்றால் தண்ணீர். தண்ணி என்று அவள் வாயில் வந்ததில்லை. அந்த நேரத்திலும் அது என்னைக் குத்தும் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பெற்ற மனசுக்கு வெட்கம் கிடையாது.

இனி என் வீட்டுக்காரர். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பேரன் மூட்டை தூக்கவில்லை, தாள் தூக்குகிறார். போட்டாதாங் ஜெட்டியில் சரக்குகளுக்குக் கிளியரிங் பார்க்கும் வேலை. ஒரு சரக்கு வெளியே வர எத்தனை தாள், எந்தத் தாள் மேலே, எந்தத் தாள் அடியில் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் ஃபேக்ஸ் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். அதில்தான் கோட்டை விட்டேன்.

3

மொத்தம் ஆறு தாள். விண்ணப்பம், பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், பழைய பள்ளியின் மதிப்பெண், தடுப்பூசி அட்டை. ஆறாவது, உடல்நலத் தாள். கண், காது, பல், ஒவ்வாமை என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்று நின்றது: வலிப்போ மயக்கமோ வந்ததுண்டா? பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம், இல்லை.

நாகப்பட்டினத்தில் இருக்கும் சுமதி அக்காவிடம் போனில் சொன்னேன். ஊரில் மகளின் நோய் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஏன்டி, இல்லன்னு டிக் அடிச்சிட்டுப் போவியா, இதுக்குப் போய் யோசிச்சிக்கிட்டு. அந்த ஊருல யாருக்குத் தெரியப்போவுது?"

"வகுப்புல விழுந்தா தெரியாதாக்கா?"

"விழுறப்ப பாத்துக்கலாம். பொட்டப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணும். காத்துல சேதி வந்தாப் போதும், நம்ம சனம் கல்யாணப் பத்திரிகை மாதிரி வீடு வீடா கொண்டு போயிரும். உங்க அத்தான்கிட்டகூட நான் மூச்சு விடல, தெரியும்ல?"

அக்கா கெட்டவள் இல்லை. என் மகளுக்காக வேளாங்கண்ணிக்கும் நடந்தாள், நாகூருக்கும் போனாள், வேண்டாத சாமி இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறவளும் அவள்தான்.

வீட்டுக்காரர் வேறு வழியாக வந்து அதே இடத்தில் நின்றார். இங்கே ஆனாடே என்று ஒன்று உண்டு. அடுத்தவருக்கு நம்மால் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் ஏற்படும் கூச்சம். பர்மாவில் பிறந்து வளர்ந்த தமிழருக்கும் அது தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. நாகப்பட்டினத்துக்காரியான எனக்கு வரவில்லை.

"நீ ஆமான்னு எழுதுனா அவங்களுக்கு எவ்வளவு ஆனாடேயா இருக்கும்? இல்லன்னு சொல்லவும் முடியாது, சரின்னு சொல்லவும் பயம். அந்தச் சங்கடத்த நாம எதுக்குக் குடுக்கணும்? புள்ள மொதல்ல உள்ள போவட்டும். ஒரு மாசம் படிக்கட்டும். அவங்களுக்கே அவளப் புடிச்சிப் போயிரும். அப்பறம் மெள்ளச் சொல்லிக்கலாம்."

நான் பேனாவை எடுத்து 'ஆம்' கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு கோடு போட்டேன். மாத்திரையின் பெயர், மருத்துவரின் பெயர், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாள்களை வாங்கி விளிம்பு தட்டி அடுக்கினார். ஆறாவது தாளை அடியில் வைத்தார்.

4

எங்கள் வார்டுக்கு அன்று காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணி வரை கரண்ட். அந்த நான்கு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், போன், பேட்டரி எல்லாவற்றுக்கும் சார்ஜ் போட வேண்டும். அதற்கு நடுவில் ஃபேக்ஸ். அவர் வரவேற்பறையில் உட்கார்ந்து, பெரிய போராட்டத்துக்குப் பிறகு அந்தத் தளத்தைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். ஒரு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மின்விசிறி நின்றது.

"மீ போயிருச்சுப்பா!" என்று குரல் கொடுத்தார். மீ என்றால் இங்கே நெருப்பும் அதுதான், கரண்டும் அதுதான்.

"ஃபேக்ஸ்?"

"போயிருச்சு, போயிருச்சு."

நான்காம் நாள் டோ சூ சூ போனில் கூப்பிட்டார். தலைமை அலுவலகம் இடம் கொடுத்துவிட்டது, வாழ்த்துகள், பள்ளி திறக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். மறுநாளே புதுப் பை வாங்கினோம். அடர் நீலம், முன்னால் இரண்டு ஜிப். அதை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

எனக்கும் கொண்டாட்டம்தான். 'ஆம்' என்று பட்டவர்த்தனமாக எழுதியும் இடம் கொடுத்துவிட்டார்களே! அக்காவுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, அதற்கு முன்னால் ஃபேக்ஸ் தளத்திலிருந்து என் ஈமெயிலுக்கு வந்திருந்த ரசீதைத் திறந்தேன். எடுத்துப் பத்திரப்படுத்தலாம் என்று.

மொத்தத் தாள்: ஐந்து. சென்றவை: ஐந்து.

5

அவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"ஏங்க, அன்னிக்கு எத்தன தாள் ஏத்துனீங்க?"

"ஆறு. மீ போயிருச்சுல்ல, அதுல கடைசி ஒண்ணு நின்னுருக்கும்."

"மீ போயி நின்னிருந்தா ஆறுல அஞ்சுன்னு வந்திருக்கும். இதுல மொத்தமே அஞ்சுதான்."

அவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் நின்றார். பிறகு போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இருவது வருஷமா ஜெட்டியில இதத்தான் செய்யுறேன் வசந்தா. சிக்கல் புடிச்ச தாள அடியில வெச்சிருவேன். மேல் தாளப் பாத்தே சீல் வெச்சிருவாங்க. இதுவரைக்கும் என் கையால போன ஒரு சரக்கு திரும்பி வந்ததில்ல."

"இவ சரக்கில்லீங்க."

"எட்டு மாசமா அந்த ஜன்னல்ல நிக்குறா. உனக்கு மட்டும்தான் வயிறு எரியுதா?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதோடு அவர் மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

இங்கே நான் வீராங்கனை மாதிரி அன்றைக்கே அந்தத் தாளை அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். அனுப்பவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது, பை வாங்கியாகிவிட்டது, தவறு நான் செய்ததும் இல்லை. இப்படியே விட்டால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. அந்த இரண்டு நாளும் என் கண் முன்னால் வந்து நின்றவள் ராஜி.

ராஜி என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவள். அவளுக்கு வலிப்பு என்பது அவள் வீட்டாரைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு கவனமாக மறைத்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில், கொளுத்தும் வெயிலில், சாய்ந்துவிட்டாள். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பேய் என்றது ஒரு குரல். ஓர் ஆசிரியை, நல்ல எண்ணத்தோடுதான், அவள் பற்களுக்கு நடுவே கரண்டிக் காம்பை வைத்து நெம்பினார். முன்பல் இரண்டு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் மூன்றாவது வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ராஜி பள்ளிக்கு வரவில்லை. மறைத்ததால் அவளுக்கு மிச்சமானது அந்த உடைந்த பல்தான்.

மூன்றாம் நாள் காலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது இதைத்தான்:

"அப்ப பேக்க திருப்பிக் குடுத்திரணுமா?"

"தெரியல பாப்பா. சொன்னா இடம் இல்லன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. நீ சொல்லு. சொல்லிட்டுப் போறியா, சொல்லாமப் போறியா?"

பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"சொல்லாமப் போனா, நோவு வந்தா யாரு என்ன ஒருக்களிச்சுப் படுக்க வெப்பா?"

கரண்ட் வந்ததும் ஆறாவது தாளைப் படம் பிடித்தேன். முகப்புத் தாளில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. "இது விடுபட்ட தாள். தவறு எங்களுடையது. படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். அன்று அவர் வேலைக்குக் கிளம்பாமல் பின்னால் வந்து நின்றார். தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஃபேக்ஸ் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். நான் தட்டினேன்.

6

இரண்டு நாளில் டோ சூ சூவின் போன். இடம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள். குரலில் பழைய இனிப்பு இல்லை.

போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் டோ சூ சூ, பக்கத்தில் வகுப்பு ஆசிரியை. ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முகம் வெளுத்திருந்தது. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்களுக்கு இதில் பழக்கமில்லை, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று டோ சூ சூ கேட்டார்.

என் பர்மிய மொழி மீன் கடைக்குப் போதும். நோயைப் பேசப் போதாது. போதாததற்கு ஒரு பழைய வியாதி வேறு: இங்கே மரியாதைக்கு வாக்கியத்தின் முடிவில் ஆண்கள் "கம்யா" என்பார்கள், பெண்கள் "ஷின்" என்பார்கள். நான் மொழி கற்றதே வீட்டுக்காரரிடம் என்பதால் முதல் வருஷம் முழுக்கக் "கம்யா" என்று ஆம்பிளையாகப் பேசித் திரிந்தேன். பதற்றம் வந்தால் இன்றைக்கும் அதுதான் வரும். "மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறோம் கம்யா" என்றேன். ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ நாள் மனதுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்த ஒரு சொல்கூட அந்த மொழியில் என்னிடம் இல்லை.

அப்போது மகள் பேச ஆரம்பித்தாள்.

நான் கற்றுக்கொடுக்காத வார்த்தைகள். பாதி எனக்குப் புரிந்தது, மீதியைக் கையசைவில் தெரிந்துகொண்டேன். வலிப்புக்கு நம் ஊரில் காக்காய் வலிப்பு என்கிறோம், இங்கே பேச்சு வழக்கில் அதற்குப் பன்றியை இழுத்துவிட்டிருக்கிறார்கள். அவள் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. மருத்துவர் சொல்லும் சொல்லைச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று தோளைத் திருப்பிக் காட்டினாள். வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரல்களை விரித்தாள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. டோ சூ சூ பேனாவை எடுத்து எழுதிக்கொள்ளத் தொடங்கினார். அவள் ஒரு முறை நிறுத்தி, எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

பிறகு ஆசிரியை மெதுவாக ஏதோ கேட்டார். மகள் பதில் சொன்னாள். ஆசிரியை சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பேருந்து பசுண்டாங் ஓடைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"கடைசில ஸயாமா என்ன கேட்டாங்க?" என்றேன். ஆசிரியையை இங்கே ஸயாமா என்பார்கள்.

அவள் தமிழைத் தேடித் தேடி எடுத்தாள்.

"உனக்குப் பயமா இருக்காதான்னு கேட்டாங்க. விழும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது ஸயாமா, பயம் உங்களுக்குத்தான், அதனால நீங்கதான் கத்துக்கணும்னு சொன்னேன்."

எந்த மொழியில் பேசினால் என்ன! பதினொரு வயதில் எனக்கு எந்த மொழியிலும் அப்படிப் பேச வந்ததில்லை. இன்றைக்கும் வராது. பிள்ளை கைவிட்டுப் போகிறாள், தமிழ் போகிறது என்று இத்தனை வருஷம் உங்களுக்கு எழுதி எழுதிப் புலம்பியவள்தான் நான். அவள் போன இடத்திலிருந்து இப்படி ஒன்றைக் கொண்டுவருவாள் என்று தெரிந்திருந்தால் பாதிப் புலம்பலை மிச்சம் பிடித்திருப்பேன்.

7

இடம் கொடுத்துவிட்டார்கள். முதல் மாதம் பெற்றவர்களில் ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளிக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருக்கிறேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். கடைக்காரருக்கு என்னால் ஒரு நாற்காலி நஷ்டம். எனக்கு ஆனாடே ஒன்றும் இல்லை.

நேற்று சாயங்காலம் எழுதியவரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். அக்கா சொன்னதையும் விடாமல் வாசித்தேன். சம்மதம் இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"எல்லா எடத்துலயும் மகள், மகள்னே இருக்கு. எனக்குப் பேரு இல்லியா?"

"பேரு போட்டா ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிரும் பாப்பா. பெரியம்மா சங்கடப்படுவாங்க."

"தெரியட்டும்."

"எந்தப் பேரப் போட? வீட்டுப் பேரா, ஸ்கூல் பேரா?" இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர் ஒன்று.

"ரெண்டயும் போடு."

ஆகவே நாகப்பட்டினத்தில் இதைப் படிக்கும் அக்காவுக்கும், இனி அக்கா யாரிடமும் மறைக்கத் தேவையில்லாத அத்தானுக்கும், நாளைக்குப் பெண் கேட்டு வரலாமா என்று யோசிக்கப்போகும் நம் சனத்துக்கும் சொல்லிக்கொள்கிறேன். என் மகளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவள் பெயர் தேவகி. பள்ளிக்கூடத்தில் மா சந்தா மோ. ஆறாம் வகுப்பு, முதல் வரிசை.